கவ்வாத்தும் நல்லதண்ணி எக்ஸ்பிரஸும்

கொத்மலை, மேல்பிரிவு
28.01.2024

மாப்பிள்ளை கிஷாந்துக்கு,

நானும் உன் அக்காவும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். அடுத்தவன் பொருளை அள்ளிக்கொண்டு போனவனுக்கு என்ன குறை?

போனில் உன்னை பிளாக் பண்ணிவிட்டேன். உன் அக்காவின் போன் கொழுந்து மலையில் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து செத்துப்போய்விட்டது, அதனால் அந்த வழியிலும் நீ வரமுடியாது. கடிதத்தில் திட்டினால்தான் நடுவில் நீ குறுக்கே பேசாமல் இருப்பாய். ஆகவே கடிதம்.

பேஸ்புக்கில் உன் வீடியோவைப் பார்த்தேன். வத்தளையில் ஏதோ மண்டபம், பச்சை லைட், புகை. நீ ஒரு தடியனின் மணிக்கட்டைப் பிடிக்கிறாய். சட்டென்று திரும்பி முதுகைக் கொடுக்கிறாய். காலைப் பின்னால் விட்டு அவன் முழங்காலை வாரி, தோள் வழியாக முன்னால் வீசுகிறாய். அவன் மல்லாக்க விழுகிறான். மூன்று எண்ணி மணி அடிக்கிறார்கள். கீழே எழுதியிருக்கிறது: 'நல்லதண்ணி எக்ஸ்பிரஸ். கிஷாந்தின் சொந்தக் கண்டுபிடிப்பு.'

அடேய், அது கவ்வாத்து! தோட்டம் தோட்டமாக, திருவிழா திருவிழாவாக நான் ஆட்களைச் சாய்க்கிற கவ்வாத்து. தேயிலைச் செடியை முழங்கால் உயரத்தில் ஒரே வீச்சில் வெட்டுகிறோமே, அந்த வீச்சைப் பார்த்து நான் வைத்த பெயர். அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பஸ்ஸின் பெயரை வைக்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா? அதுவும் மலை யாத்திரை சீசனுக்கு மட்டும் ஓடுகிற பஸ்!

வீடியோவை எடு. எடுத்துவிட்டு 'இது பிரதாப் மச்சானின் கவ்வாத்து' என்று எழுதிப் போடு. அதுவரை நீ இந்த வீட்டுக்கு மாப்பிள்ளை இல்லை.

(இதை எழுதுவது பூரணி. இவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். மூன்று நான்கு வார்த்தைகளை விட்டுவிட்டேன். உன் அம்மாவையும் சேர்த்துத் திட்டினார். அது எனக்கும் அம்மா.)

இப்படிக்கு,
மலைச்சிறுத்தை பிரதாப்


வத்தளை
09.02.2024

அன்பும் பொறுமையும் நிறைந்திருக்க வேண்டிய மச்சானுக்கு,

நான் சுகம். போன வாரம் முழங்கை சிராய்த்தது, ஆறிவிட்டது. நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டுமென்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி கொளுத்தினேன். உங்கள் கடிதம் வந்த பிறகு இன்னொன்று கொளுத்தினேன், உங்கள் கோபத்துக்காக.

முதலில் ஒன்று கேட்கிறேன். ஆள் வைத்துக் கடிதம் எழுதுகிற அளவுக்கு எப்போது பெரிய மனுஷன் ஆனீர்கள்? தோட்டத்துத் துரைகூடத் தன் கையால்தான் கையெழுத்துப் போடுகிறார். நீங்கள் அங்குமிங்கும் நடந்துகொண்டு சொல்கிறீர்கள், அக்கா உட்கார்ந்து எழுதுகிறாள். மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்தவளுக்கு இது வேறு வேலை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் பழைய மெத்தையைப் போட்டு நாம் பழகியது ஞாபகம் இருக்கிறதா? வீசியது நீங்கள். சரி. விழுந்தது யார்? நம் தொழிலில் யார் ஜெயிப்பது என்று முதலே பேசிக்கொள்கிறோம். அடிக்கிறவன் பாவனைதான் செய்கிறான், உடம்பைக் கொடுத்துப் பறக்கிறவன் விழுகிறவன். உங்கள் தோளுக்கு மேலால் பாய்ந்து, தலையைக் குனிந்து நாடியை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒன்றாகத் தரையில் படுகிற மாதிரி விழக் கற்றுக்கொண்டது நான். நான் பாயாவிட்டால் உங்கள் கவ்வாத்து வெறும் கை பிடித்தல் மச்சான். கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடிப்பாரே, அதுதான்.

பெயர் மாற்றியதற்கும் காரணம் இருக்கிறது. இங்கே அறிவிப்பாளர் சிங்களவர். 'கவ்வாத்து' என்று சொல்லச் சொன்னால் 'கவாட்டு, கவாட்டு' என்று கத்துகிறார், சனம் சிரிக்கிறது. எக்ஸ்பிரஸ் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. நீங்கள் மட்டும் என்ன, மலைப்புலி என்று பெயர் வைக்கப் போய், போஸ்டரில் புலி என்று போட்டால் போலீஸில் அனுமதி கிடைக்காது என்றதும் ஒரே நாளில் சிறுத்தை ஆகவில்லையா? அன்றைக்கு நான் ஏதாவது சொன்னேனா?

ஒன்றை மட்டும் நான் மாற்றவில்லை. வீசுவதற்கு முன்னால் மணிக்கட்டை ஒரு அமுக்கு. அந்த அமுக்கு வந்தால்தான் விழுகிறவன் பாய வேண்டும். அது நீங்கள் சொல்லித் தந்தது. இங்கே எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

வீடியோவை எடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
பறக்கிற பக்கம் நின்ற
கிஷாந்த்


கொத்மலை
20.02.2024

கிஷாந்துக்கு,

சுகம். நீ எப்படி என்று கேட்க மாட்டேன்.

உன் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து காலையில் பேர் பதிகிற பெரட்டுக்களத்துக்கு வந்தது. தபால் கொண்டுவருகிற கந்தப்பன் அதைக் கொடுக்கும்போதே உறை திறந்திருந்தது. "பறக்கிற பக்கம் நின்றவர் எழுதியிருக்காருங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிக்கிறான். தோட்டத்துக்கே தெரிந்துவிட்டது. மலையில் நிற்கிற பொம்பளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள், கவ்வாத்துக் கட்சி ஒன்று, எக்ஸ்பிரஸ் கட்சி ஒன்று. உன் அக்கா எந்தக் கட்சி என்று கேட்டேன்.

(எனக்கு ஒரு கட்சியும் வேண்டாம், கடவுள்தான் வேண்டும் என்றேன். பூரணி.)

ஒரு செய்தி. ஹட்டனில் இரும்புக்கடை வைத்திருக்கிற பைஸர் நானாவைத் தெரியும் அல்லவா? வருடப்பிறப்பு முடிந்ததும், ஏப்ரல் இருபதாம் திகதி, ஹட்டன் மைதானத்தில் மல்யுத்தக் காட்சி வைக்கிறார். கடைசிப் போட்டி நீயும் நானும். போஸ்டரும் அடித்தாயிற்று. 'ஒரே அடி! இரண்டு பேர்! எது அசல்?' என்று போட்டிருக்கிறார். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, எல்லாம் கந்தப்பனின் வாயால் போனது.

யார் ஜெயிப்பது என்று நானா என்னைக் கேட்டார். நன்றாக யோசித்துச் சொன்னேன். நீயே ஜெயித்துக்கொள். என் மேலேயே அந்த அடியைப் போடு, நான் விழுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. நான் விழுகிற நேரம் மைக்கில் 'கவ்வாத்து' என்று சொல்ல வேண்டும். ஹட்டன் மைதானத்தில், அத்தனை சனத்துக்கு முன்னால், சத்தமாக.

என்னை மாதிரி விட்டுக்கொடுக்கிறவன் உலகத்தில் கிடையாது. பதில் போடு.

பிரதாப்


வத்தளை
01.03.2024

மச்சானுக்கு,

இங்கே சுகம்தான், ஆனால் தலைவலி. தலைவலிக்குக் காரணம் கொத்மலையில் இருக்கிறது.

நீங்கள் தோற்கிறீர்களா? எந்தத் திருவிழாவிலும் தோற்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்ற ஆள், இப்போது மல்லாக்க விழுகிறேன் என்கிறீர்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே ஏதோ சூது இருக்கிறது.

சரி, நானே ஜெயிக்கிறேன். ஆனால் ஜெயிக்கிறவன் நான் என்றால், அடி என்னுடைய பெயரில்தான் வரவேண்டும். நான் வீசுகிறேன், நீங்கள் கவ்வாத்து என்று சொல்லச் சொல்கிறீர்கள். என் சட்டையைப் போட்டுக்கொண்டு உங்கள் பெயரைச் சொல்வதா? எங்கள் குழுவில் இருந்து கேமராக்காரன் வருகிறான். அந்த வீடியோவில் 'கவ்வாத்து' என்று கேட்டால் வத்தளையில் என்னை வைத்துக் கேலி பண்ணுவார்கள்.

ஆகவே, நல்லதண்ணி எக்ஸ்பிரஸ். இல்லாவிட்டால் நான் வரவில்லை.

அக்காவுக்கு: நீ ஏன் அடைப்புக்குறிக்குள் மட்டும் பேசுகிறாய்? தனியாக இரண்டு வரி எழுதக் கூடாதா? சுகமா என்று கேட்டால் அவர் சொன்னதையே திருப்பி எழுதுகிறாய்.

கிஷாந்த்


கொத்மலை
11.03.2024

கிஷாந்துக்கு,

சுகம்.

கவ்வாத்து. அதற்கு மேல் பேச்சில்லை.

நீ வராவிட்டால் என்னிடம் பழகுகிற வினோஜன் வருவான். பைஸர் நானாவிடம் சொல்லிவிட்டேன். அவன் என்னை வீசட்டும், பெயரைச் சரியாகச் சொல்லட்டும். பொங்கல் காட்சியில் அவன் ஒருதரம் வீசியிருக்கிறான், பழகின ஆள்தான்.

(வினோஜன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எழுது என்றார், எழுதினேன்.)

பிரதாப்


ஹட்டன்
15.03.2024

என் தம்பி கிஷாந்துக்கு அக்கா எழுதுவது,

நீ நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று இனி எழுதமாட்டேன்.

பைஸர் நானா கடைக்கு வந்து, அவருடைய போனில் உன்னோடு பேசலாம் என்று பார்த்தேன். நம்பரை அடித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடை நிறைய ஆட்கள். போனை வைத்துவிட்டேன். நானா ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, பின்னால் இருக்கிற அறையில் உட்காரச் சொன்னார். அவருடைய மகள் ரிஃப்னா தேத்தண்ணி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அதனால் எழுத முடிகிறது.

உன் மச்சான் ஆள் வைத்து எழுதவில்லை. அவருடைய வலது கையில் பேனா நிற்காது.

தைப்பொங்கல் காட்சியில் அந்த வினோஜன் இவர் சொல்லிக்கொடுத்த அடியை இவர் மேலேயே போட்டான். சனம் கத்தியதும் அவசரப்பட்டுவிட்டான். கையை அமுக்கவில்லை. இவர் பாய்வதற்கு முன்னாலேயே வீசிவிட்டான். கழுத்து அடிபட விழுந்தார். எழுந்து கையைக் காட்டிவிட்டுத்தான் வந்தார். மறுநாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவியது. சுளுக்கு என்றார். தோட்டத்திலும் சுளுக்கு என்றுதான் சொல்லியிருக்கிறார். கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்க முடியவில்லை, உரம் போடுகிற பக்கம் மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதையும் இடது கையால்தான் போடுகிறார்.

சண்டை போட்டு நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன், அங்கிருந்து கண்டிக்கு எழுதிக் கொடுத்து ஸ்கேன் எடுத்தோம். கழுத்து எலும்புக்கு நடுவில் நரம்பு நெரிபட்டிருக்கிறதாம். ஆபரேஷன் செய்ய வேண்டும், அதுவரைக்கும் இன்னொரு அடி பட்டால் கை மட்டும் இல்லை, காலும் போய்விடும் என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார். வெளியே வந்ததும் உன் மச்சான் என்ன சொன்னார் தெரியுமா? "அந்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது பூரணி. நமக்குச் சரியா விளங்கல." ஹட்டன் சந்தையில் முட்டைக்கோவாவுக்குச் சிங்களத்தில் பேரம் பேசிக் கடைக்காரரை அழவைக்கிற மனுஷன்! எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

ஏன் தோற்கிறேன் என்கிறார் என்று கேட்டாயே. நானும் கேட்டேன். "வீசுறதுக்குத்தான் கை வேணும். விழுறதுக்குக் கை எதுக்கு?" என்கிறார். ஹட்டன் மைதானத்தில் ஒருதரம் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டால் போதுமாம், பிறகு விட்டுவிடுவாராம். நீ அவரை வீசினாலும் கழுத்து போகும், வினோஜன் வீசினாலும் போகும். நீ வரமாட்டேன் என்றால் அவனைக் கூப்பிடுவார். நான் வேண்டாம் என்றால் கேட்கமாட்டார். போஸ்டரைக் கிழிக்கவா என்று பைஸர் நானா கேட்டார். கிழித்தால் வேறு ஊரில் போய் விழுவார்.

உன்னிடம் சொன்னேன் என்று தெரிந்தால் என் முகத்தில் விழிக்கமாட்டார். விழிக்காவிட்டால் போகட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. நீ ஏதாவது செய். என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது, உன் தொழில் உனக்குத்தான் தெரியும்.

பதிலை வீட்டுக்கு எழுதாதே. கந்தப்பன் படிப்பான். நானா கடைக்கு எழுது.

உன் அக்கா,
பூரணி


வத்தளை
02.04.2024

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமைக்கு மேல் ஆகிறது. உடனே எழுத முடியவில்லை. முதலில் வினோஜனை அடிக்க வேண்டும் போல் இருந்தது, பிறகு மச்சானை, பிறகு என்னையே. ஆள் வைத்து எழுதுகிறார் என்று கேலி பண்ணினேனே, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஒரு வழி இருக்கிறது. அவர் விழக் கூடாது. ஆகவே அவர்தான் வீச வேண்டும், நான்தான் விழ வேண்டும். பயப்படாதே. அவர் என்னைத் தூக்க வேண்டியதில்லை. அவர் நின்றால் போதும். தோளில் கையை வைத்து நானே எம்பிப் பாய்வேன், என் பாரம் அவருடைய முதுகில் ஏறாது. பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் எத்தனை தரம் பாய்ந்திருக்கிறேன்.

அமுக்கு வராமல் பாய்வதுதான் கொஞ்சம் பயம். எப்போது திரும்புவார், எப்போது குனிவார் என்று தெரியாமல் பாய வேண்டும். பார்த்துக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால் அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அவருக்கு நான் எழுதப் போகிற கடிதத்தைப் படித்து நீ கோபப்படாதே. மரியாதை இல்லாமல் எழுதப் போகிறேன். அந்த மனுஷனைக் கெஞ்சி ஒன்றும் செய்ய வைக்க முடியாது, கோபம் மூட்டித்தான் முடியும்.

தம்பி கிஷாந்த்


வத்தளை
02.04.2024

மச்சானுக்கு,

சுகம். உங்கள் சுகத்தைப் பற்றிக் கேட்க எனக்கு நேரமில்லை, இங்கே தினமும் பயிற்சி.

நன்றாக யோசித்துப் பார்த்தேன். நாற்பதைத் தொடுகிற ஒரு மனுஷனைத் தூக்கி வீசினால் ஹட்டன் சனம் என்னைத்தான் திட்டும். வயதான ஆளைப் போட்டு அடிக்கிறானே என்று பெண்கள் சாபம் போடுவார்கள். எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்.

முடிந்தால் நீங்கள் என்னை வீசுங்கள். முடியாது என்று எனக்குத் தெரியும். மூச்சு வாங்கும், இடுப்பு பிடிக்கும். அதனால்தான் விழுகிறேன் விழுகிறேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறீர்கள் என்று இங்கே எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். நானும் சிரித்தேன்.

வீசிக் காட்டினால் மைக்கில் என்ன பெயர் வேண்டுமானாலும் சொல்லுங்கள். கவ்வாத்து என்று சொல்லுங்கள், பெரட்டு என்று சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
இளைஞன் கிஷாந்த்


கொத்மலை
10.04.2024

அடேய்,

சுகமும் இல்லை, கிகமும் இல்லை.

வயதான ஆளா? யாரடா வயதான ஆள்? உனக்கு மூக்கு ஒழுகும்போது நான் துடைத்துவிட்டிருக்கிறேன். உன்னை அந்த மெத்தையில் போட்டுப் போட்டு நான் எடுக்காவிட்டால் நீ இன்றைக்கு வத்தளையில் பச்சை லைட்டில் நிற்பாயா? இடுப்பு பிடிக்குமாம், மூச்சு வாங்குமாம்!

சரி. நான்தான் வீசுகிறேன். நீதான் விழுகிறாய். கவ்வாத்து. ஹட்டன் மைதானத்தின் மண்ணை உன் முதுகு மறக்காது. எழுதி வைத்துக்கொள்.

(சரி. பூரணி.)

(இன்னும் ஒன்று. புத்தாண்டு வாழ்த்து. இவர் சொல்ல மறந்துவிட்டார்.)

மலைச்சிறுத்தை பிரதாப்


வத்தளை
23.04.2024

மச்சானுக்கு,

நான் சுகம். முதுகில் நீல நிறம் இருக்கிறது, எண்ணெய் போட்டிருக்கிறேன். நீங்களும் அக்காவும் சுகமாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? அன்றைக்கே கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது, நின்று பேச முடியவில்லை.

வாக்குப்படி நீங்கள் ஜெயித்தீர்கள். நன்றாக வீசினீர்கள். அதைப் பற்றி எனக்கு வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஆனால் அந்த இராசரத்தினம் மாஸ்டரை மைக்கில் உட்கார வைத்தது யார்? பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு நல்ல குரலாம், அதனால் பைஸர் நானா கூப்பிட்டாராம். மாஸ்டர் யாழ்ப்பாணத்து ஆள், தமிழ்ப் பாடம் எடுக்கிறவர். நானா அவரிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறார், 'கவ்வாத்து' என்று சொல்லுங்க மாஸ்டர் என்று. அவர் என்ன செய்தார்? நான் காற்றில் பறந்துகொண்டிருக்கிறேன், மைக்கில் கேட்கிறது: "பாருங்கோ, பாருங்கோ! தோள்வழி வீழ்த்தல்! அருமையான தோள்வழி வீழ்த்தல்!"

விழுந்து கிடக்கும்போதே எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இதற்கா மச்சான் நாம் தை மாதத்திலிருந்து சண்டை போட்டோம்? இறங்கி வந்து அவரிடமே கேட்டேன். "தம்பி, கவ்வாத்து எண்டது போர்த்துக்கேயரிட்ட இருந்து வந்த சொல்லாக்கும். மற்றது ஆங்கிலம். நல்ல தமிழ்ச் சொல் இருக்கேக்க ஏன் கடன் வாங்கோணும்?" என்கிறார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கிறார். அவரோடு யார் பேசுவது?

கேமராக்காரனின் வீடியோவிலும் அதுதான் கேட்கிறது. ஹட்டன் பஸ் நிலையத்தில் பொடியன்கள் ஒருவனையொருவன் பிடித்துத் தள்ளிக்கொண்டு 'தோள்வழி வீழ்த்தல்' என்று கத்தினார்கள். நான் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் போடுங்கள்.

கிஷாந்த்


கொத்மலை
02.06.2024

மாப்பிள்ளை கிஷாந்துக்கு,

இதை நானே எழுதுகிறேன். இடது கை. எழுத்து கோணலாக இருக்கும், சிரிக்காதே. ஒரு பக்கம் எழுத மூன்று நாள் ஆகிறது. பூரணியை எழுத விடவில்லை. அவள் அடைப்புக்குறி போடுவாள்.

எனக்குச் சுகமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இத்தனை நாள் ஏன் பதில் போடவில்லை என்று நினைத்திருப்பாய். கோபம். உன் மேல், அவள் மேல், அந்த மாஸ்டர் மேல். தோள்வழி வீழ்த்தலாம்! நேற்று மலையில் ஒரு கிழவி என்னைப் பார்த்து, "தோள்வழி தம்பி, சுகமா?" என்று கேட்டாள். கவ்வாத்து பிரதாப் என்று பெயர் எடுக்க எத்தனை வருஷம் விழுந்து எழும்பினேன். தோள்வழி தம்பி!

விஷயம் அதுவல்ல. அன்றைக்கு மைதானத்தில் உன் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்தேன் என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அமுக்கு என்று விரலுக்குச் சொன்னேன். விரல் கேட்கவில்லை. இன்னொருதரம் சொன்னேன். சனம் கத்துகிறது, நான் அப்படியே நிற்கிறேன். அமுக்கு வராமல் பாயக் கூடாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். இவன் பாயமாட்டான், இன்றைக்கு அத்தனை பேருக்கும் என் கை தெரிந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

நீ பாய்ந்தாய்.

அமுக்காமல் நீ ஒருநாளும் பாய்ந்தது கிடையாது. நீ என் தோளுக்கு மேலால் போகிற நேரமே எனக்கு விளங்கிவிட்டது, இவனுக்குத் தெரியும் என்று. வயதான ஆள் என்று எழுதினது எல்லாம் நடிப்பு என்று. பாரம்கூட என் முதுகில் ஏற்றாமல் போனாயே, களவாணி. மூன்று எண்ணும்போது உன் மேல் படுத்திருந்தேனே, அப்போது அழுதேன். வேர்வை என்று நீ நினைத்திருப்பாய்.

வீட்டுக்கு வந்து பூரணியிடம் கேட்டேன். "ஆமா, நான்தான் சொன்னேன், இப்ப என்ன?" என்றாள். ஒரு கிழமை அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை, ஆனால் சட்டை பொத்தானைப் போட்டுவிட்டாள். பிறகு நான்தான் பேசினேன்.

நீ முதல் கடிதத்தில் எழுதினது சரி. அந்த அடி பாய்கிறவனுடையதுதான். இதை இதற்கு மேல் என்னிடம் கேட்காதே, ஒருதரம்தான் எழுதுவேன்.

பதினெட்டாம் திகதி கண்டியில் ஆபரேஷன். டாக்டர் சொன்னது எல்லாம் எனக்கு அன்றைக்கே விளங்கியது. சிங்களத்திலும் விளங்கியது. கை திரும்பும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம், மோசமாகாமல் பார்க்கலாமாம். கவ்வாத்து வெட்டின மலை மாதிரி கொஞ்ச நாள் சும்மா கிடக்க வேண்டுமாம். எனக்குப் பயமாக இருக்கிறது. பூரணிக்கு முன்னால் சொல்ல முடியாது, அவள் என்னைவிடப் பயந்து போயிருக்கிறாள்.

போனில் உன் பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனால் பேசாதே, அழுதுவிடுவேன். நேரில் வா. உள்ளே தள்ளிக்கொண்டு போகிற நேரம் நீ பக்கத்தில் நிற்க வேண்டும். என் வலது கையைப் பிடிக்காதே, பிடித்தாலும் எனக்குத் தெரியாது. இடது கையைப் பிடி. ஒரு அமுக்கு அமுக்கு.

அதற்குப் பிறகு நான் போகிறேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்
கவ்வாத்து பிரதாப்